காய்ச்சல்காரர்களுக்குக் கிடையாது

எங்கள் ஆவூரில் அப்போதெல்லாம் ஒருவர் கையில் ரொட்டியோடு தெருவில் நடந்தால், அவர் வீட்டில் யாரோ படுக்கையில் விழுந்துவிட்டார்கள் என்று அர்த்தம். "யாருக்கு மேலுக்கு முடியல?" என்று முதல் வீட்டிலேயே கேட்டுவிடுவார்கள். நாலைந்து வீடு தாண்டுவதற்குள் சாதாரண ஜலதோஷம் டைபாய்டு ஆகியிருக்கும். காய்ச்சல் வந்தால் சோறு கூடாது, ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். உடம்பு நன்றாக இருக்கிற மனுஷன் ரொட்டி தின்றால் அவனுக்கு வேறு ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள்.

இப்படிப்பட்ட ஊரில்தான் என் வீட்டுக்காரர் ரொட்டிக்கடை போட்டார்.

அவர்மேல் குற்றமில்லை. அவருக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். மீசை முளைக்கும் முன்பே கொழும்புக்குப் போய் ஒரு பேக்கரியில் சேர்ந்தவர். கல்யாணத்துக்கென்று லீவில் வந்தார், தாலி கட்டினார், போனார். அப்புறம் எப்போதாவது லீவு கிடைத்தால் வருவார். வந்து பெட்டியை இறக்கிய நிமிஷத்திலிருந்தே அவர் போகப்போகும் நாள் என் மண்டைக்குள் உட்கார்ந்துகொள்ளும். சோறு போடும்போதும் அதே நினைப்பு, துணி துவைக்கும்போதும் அதே நினைப்பு. என் வயதுப் பெண்கள் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போவார்கள். எனக்குச் சண்டை போடக்கூட ஆள் கிடையாது. கோபம் வந்தால் பசுமாட்டைத் திட்டுவேன். அது வாயில்லாத ஜீவன், கேட்டுக்கொண்டு நிற்கும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் மாமனார் இறந்துபோனார். காரியங்களை முடித்து நிலத்தை ஒழுங்கு பண்ண இவர் நீண்ட லீவில் வந்தார். கொழும்பு முதலாளி ஒரு கெடு வைத்திருந்தார். பாஸ்கு முடிந்ததும் திரும்பிவிட வேண்டும். அதற்குமேல் தாமதித்தால் இலங்கை சர்க்கார் கொடுத்த பர்மிட்டும் செல்லாது, வேலையும் இருக்காது. பாஸ்கு என்பது ஈஸ்டரை ஒட்டி எங்கள் ஊரில் நடக்கும் திருவிழா. சேசுநாதர் பாடுபட்டதை நாடகமாகப் போடுவார்கள். சுற்றுவட்டாரம் பூராவும் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கும்.

"இங்கயே ரொட்டி சுட்டு வித்தா என்னங்க?" என்று கேட்டது நான்தான்.

அவர் சிரித்தார். "யாரு வாங்குவா?"

"நீங்க சுடுங்க. வாங்குறவுகள நான் பாத்துக்கிறேன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். பாஸ்கு வரைக்கும் நடத்திப் பார்ப்பது, ஓடினால் இருப்பது, ஓடாவிட்டால் கப்பல் ஏறுவது என்று பேசி முடித்தோம். அவர் அதை என் மனசு நோகக்கூடாதே என்று ஒப்புக்கொண்டார். எனக்கோ அதுதான் உயிர். இந்தத் தடவை போனால் திரும்பி வரும்போது எங்கள் இரண்டு பேருக்கும் தலை நரைத்திருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

கோயில் மதில் இடிந்து கிடந்த செங்கல்லைப் பங்குச் சாமியாரிடம் கேட்டு வாங்கிக் கொல்லையில் அடுப்புக் கட்டினார். உருளைக்கிழங்கு அவித்த தண்ணீரில் சர்க்கரையும் மாவும் கலந்து பானையில் புளிக்க வைப்பார். அதுதான் மாவைப் பொங்க வைக்கும். மதுவிலக்கு அமலில் இருந்த காலம். பானையிலிருந்து வந்த வாசனையை வைத்து வீதியில் போகிறவர்கள் என்னென்னவோ நினைத்தார்கள், அது வேறு கதை. ரொட்டி மட்டும் பஞ்சு மாதிரி வந்தது. பனிக்காலத்தில் ஊரெல்லாம் இருமலும் காய்ச்சலுமாக இருந்ததால் நன்றாகவே விற்றது. மாசி வெயில் அடித்ததும் ஊர் எழுந்து உட்கார்ந்தது, எங்கள் கடை படுத்துவிட்டது.

மிஞ்சிய ரொட்டியை என்ன செய்வது? நாங்களே தின்றோம். காலையிலும் ரொட்டி, ராத்திரியும் ரொட்டி. ஒருநாள் எதிர்வீட்டு அத்தாச்சி முந்தானையில் நாலு ஆரஞ்சுப் பழத்தை முடிந்துகொண்டு வந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"எங்கிட்ட மறைக்காதத்தா. அந்தப் புள்ளைக்கு நெஞ்சில சீக்கா? கொழும்புல ஒரே நெருப்புப் பொகையில கெடந்துருக்கு. அதான் தெனமும் ரொட்டி குடுக்குறியா?"

எனக்கு வந்த கோபத்தில் ஆரஞ்சைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. நல்ல பழம். ஆனால் அத்தாச்சி போனதும் நேரே மிஷன் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன்.

ஏனென்றால் இந்தப் பழக்கத்துக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தவள் அங்கேதான் இருந்தாள். அமெரிக்காவிலிருந்து வந்த நர்ஸம்மா. இரண்டு வருஷம் சேவை செய்ய வந்தவள். நெட்டையாக, முகமெல்லாம் புள்ளி புள்ளியாக இருப்பாள். காய்ச்சல் என்று யார் போனாலும் "ரொட்டியும் பாலும் கொடுங்கள்" என்பாள். தமிழைப் புத்தகத்தில் படித்திருந்ததால் அவள் வாயைத் திறந்தால் பிரசங்கம் கேட்ட மாதிரியே இருக்கும்.

"நர்ஸம்மா, ஒங்களால என் குடும்பம் கெடுது" என்றேன்.

அவள் திகைத்துப் போனாள். நான் உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னேன். ரொட்டி, காய்ச்சல், ஆரஞ்சு, கொழும்பு, பாஸ்கு எல்லாம். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் சிரிப்பாள் என்று பயந்தேன். சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள்.

"சகோதரி, எங்கள் ஊரில் ஒரு ரொட்டி இருக்கிறது. அதை நோயாளி உண்ண இயலாது. உண்டால் மருத்துவர் என்னைத் திட்டுவார்" என்றாள்.

அதன் பெயர் பீட்ஸா என்றாள். அந்த வார்த்தையை நான் அன்றுதான் முதலில் கேட்டேன். அவள் ஊர் டெட்ராய்ட். அங்கே வீட்டுக்கு ஒரு ஆள் மோட்டார் கார் தொழிற்சாலையில் வேலை பார்ப்பாராம். அமெரிக்காவில் மற்ற ஊர்க்காரர்கள் அந்த ரொட்டியை வட்டமாக, மெல்லிசாகச் செய்வார்களாம். அதைச் சொல்லும்போது அவள் உதட்டைச் சுழித்ததைப் பார்க்க வேண்டுமே! நம்மூரில் பக்கத்து ஊர்க்காரி வைத்த குழம்பைப் பற்றிப் பேசும்போது சுழிப்பார்களே, அதே சுழிப்பு. டெட்ராய்ட்டில் செய்வது நீள்சதுரம். தொழிற்சாலையில் நட்டு, போல்ட்டு போட்டு வைக்கும் கனத்த இரும்புத் தட்டில்தான் சுடுவார்களாம். நடுவில் தலையணை மாதிரி மெத்தென்று இருக்கும், ஓரம் முறுகலாக இருக்கும். அந்த மூலைத் துண்டுக்காகத் தன் அண்ணன் தம்பிகளோடு மல்லுக்கட்டியதை அவள் சொல்லும்போது அவளுக்கும் கண் கலங்கியது. ஊரை விட்டு வந்தவள்தானே அவளும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் கொல்லைக்கு வந்தாள். கையில் ஒரு பெரிய டின். அதில் சீஸ். அமெரிக்காவிலிருந்து ஏழைகளுக்கென்று பால்பவுடரோடு கோயிலுக்கு வந்து இறங்கும் சாமான்களில் இதுவும் ஒன்று. மஞ்சளாக, பாளம் பாளமாக இருக்கும். எங்கள் தெருவில் ஒருத்தி அதைச் சோப்பு என்று நினைத்துப் புருஷன் வேட்டியைக் கிணற்றடியில் வைத்துத் தேய்த்து, நுரையே வரவில்லை என்று சாமியாரிடம் புகார் சொன்னாள். அதிலிருந்து அந்த டின்களை யாரும் சீண்டுவதில்லை. கோயில் அறையில் அடுக்கிக் கிடந்தன.

முதல் தடவை செய்தது குப்பைக்குப் போனது. இவர் கொழும்பு வழக்கப்படி மாவைக் கெட்டியாக அடித்துப் பிசைந்தார். நர்ஸம்மா "இன்னும் தண்ணீர், இன்னும் தண்ணீர்" என்றாள். மாவு கையில் ஒட்டுகிற பக்குவத்தில் இருக்க வேண்டுமாம். தொழில் தெரிந்தவரிடம் நர்ஸ் ஒருத்தி மாவு பிசையச் சொல்லிக் கொடுத்தால் எப்படி இருக்கும்? இவர் அடுப்பை நோண்டப் போய்விட்டார். அவள் அலுமினியத் தாம்பாளத்தில் மாவைப் பரப்பினாள். அடுப்பில் வைத்து எடுத்தபோது மேலே கருகி, அடி களிமண்ணாக இருந்தது. பசுமாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

"தட்டு தவறு" என்றாள் நர்ஸம்மா.

"மாவும் தப்பு" என்றார் இவர், அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

இரண்டு பேருமே பாதி சரி என்று பிறகு தெரிந்தது. தட்டுக்கு நான் திருமயத்துக்குப் பஸ் ஏறினேன். என் அண்ணன் அங்கே ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் மெக்கானிக். போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறப்போடுகிற தட்டு ஒன்று வேண்டும் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதுக்குத்தா?"

"ரொட்டி சுட."

"மாப்ள நல்லாத்தான இருக்காரு?"

அண்ணனும் ரொட்டி என்றதும் உடம்பைத்தான் விசாரிக்கிறார்! நான் கத்திய கத்தலில் ஷெட்டில் வேலை நின்றுபோனது. அண்ணன் பயந்துபோய், பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிய கனத்த தகட்டை வளைத்து, மூலை மடித்து, நீள்சதுரமாக இரண்டு தட்டு புதிதாகவே அடித்துக் கொடுத்தார். அதில் ஒட்டியிருந்த கிரீஸ் வாசம் போகப் புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்தேன். தோசைக்கல்லைப் பழக்குவது போலக் கடலை எண்ணெய் தடவித் தடவி அடுப்பில் காய்ச்சினேன். தட்டு நீலமும் கறுப்புமாக மாறியது. நர்ஸம்மா அதைப் பார்த்து, தன் அம்மா வீட்டுத் தட்டும் இதே நிறம்தான் என்று சொல்லி அதன் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே நின்றாள்.

இந்தத் தடவை ஒழுங்காகச் செய்தோம். மாவைத் தளர்த்தியாகப் பிசைந்து, தட்டில் எண்ணெய் குளம் கட்ட விட்டு, மாவை அதில் வைத்து விரல் நுனியால் நாலு மூலைக்கும் தள்ளினோம். அது மூலைக்குப் போகாது, சுருங்கி நடுவுக்கே வரும். "விடுங்க, கொஞ்ச நேரம் தூங்கட்டும்" என்று இவர் ஈரத்துணி போட்டு மூடினார். தூங்கி எழுந்த மாவு சொன்ன பேச்சு கேட்டது. அடுத்தது சீஸ். தக்காளியை முதலில் தடவி அதன்மேல் சீஸ் போடுவதுதானே சரியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. கிடையாதாம். டெட்ராய்ட்டில் மாவின்மேல் நேராகச் சீஸ், அதுவும் தட்டின் சுவரில் இடிக்கிற மாதிரி ஓரம் வரைக்கும். தக்காளி மேலே, பட்டை பட்டையாக. "ஓரம்தான் எங்கள் மானம்" என்றாள்.

தக்காளிச் சாற்றுக்குத்தான் எனக்கும் அவளுக்கும் சண்டை. நாட்டுத் தக்காளியைப் பூண்டோடு சுண்டக் காய்ச்சினோம். அவள் ஊரில் போடும் ஏதோ ஒரு தழை வேண்டும் என்று கொல்லையெல்லாம் மோந்து பார்த்தாள். கடைசியில் கற்பூரவல்லியைக் கசக்கி மூக்கில் வைத்து, "இதுவே! ஏறக்குறைய இதுவே!" என்று குதித்தாள்.

"அந்த எலை ஆகாது" என்றேன்.

"ஏன் ஆகாது?"

"சளி புடிச்ச புள்ளைக்குச் சாறு புழியிற எலை அது. அத நீங்க ரொட்டியில போட்டா மறுபடியும் நோயாளிச் சாப்பாடுதான். மோந்து பாத்தவுடனே 'யாருக்கு இருமல்?'னு கேப்பாக."

அவள் முகம் வாடிப்போனது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. கிணற்றடியில் திருநீற்றுப்பச்சிலை மண்டிக்கிடந்தது. அதைப் பறித்துக் கொடுத்தேன். அதுவும் அவள் ஊரில் உண்டாம், சமாதானமானாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் நான் காய்ந்த மிளகாயை இடித்து ஒரு கைப்பிடி போட்டேன். பெருஞ்சீரகமும் போட்டேன். மறைத்துச் செய்ததாக யாரும் நினைக்க வேண்டாம், அவள் எதிரிலும் போட்டிருப்பேன்.

புளியமர விறகு எரிந்து தணலானதும் தட்டை உள்ளே தள்ளினார். சற்று நேரத்தில் ஒரு வாசனை வந்தது பாருங்கள்! கொல்லையைத் தாண்டி, வீட்டைத் தாண்டி, எதிர்வீட்டு அத்தாச்சி வரைக்கும் போயிற்று. ஓரத்தில் சீஸ் உருகி, தட்டின் சுவரோடு பொரிந்து, அதிரச நிறத்தில் வேலி கட்டியிருந்தது. இவர் கத்தியால் சதுரம் சதுரமாக வெட்டினார். நர்ஸம்மா மூலைத் துண்டை எடுத்துக் கடித்தாள். மென்றாள். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது.

"இது டெட்ராய்ட் பீட்ஸா அன்று" என்றாள் திணறிக்கொண்டு. பிறகு இன்னொரு மூலையையும் எடுத்துக்கொண்டாள்.

இவர் ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியைத் தட்டிப் பார்த்தார். தின்றார். கொழும்பிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் முகத்தில் நான் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. "பாஸ்குல போடுவோம்" என்றார்.

சீஸ் பிரச்சினை வந்தது. தருமத்துக்கு வந்த சாமானை விற்கக்கூடாது என்று சாமியார் சொன்னார், நியாயம்தான். பாலைத் திரித்துச் செய்யலாம் என்றாள் நர்ஸம்மா. நல்ல பாலில் எலுமிச்சை பிழிந்து வேண்டுமென்றே திரிப்பதற்கு என் கை வரவில்லை. பால் தானாகத் திரிந்தாலே வீட்டுக்கு ஆகாது என்று நினைக்கிற சாதி நாங்கள். ஆனால் வீட்டுக்கு எது ஆகும், எது ஆகாது என்று அப்போது எனக்கு ஒரே அளவுகோல்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு பிழிந்தேன். திரிந்ததைத் துணியில் வடித்து, உப்புப் போட்டுப் பிசைந்து, மாவின் ஓரத்தில் வரப்பு மாதிரி வைத்தோம். அது உருகவில்லை. ஆனால் எண்ணெயில் பொரிந்து, ஓரம் மொறுமொறு என்று வந்தது. மேலே வெங்காயமும் தாராளமாகப் போட்டோம். காரரொட்டி என்று பெயர் வைத்தோம்.

பாஸ்கு அன்று மத்தியானமே வண்டிகள் வரத் தொடங்கின. கோயில் பொட்டலில் வளையல்காரர், மிட்டாய்க்காரர், சர்பத்துக்காரர் எல்லாரும் கடை போட்டிருந்தார்கள். எங்களுக்குப் புளியமரத்தடி கிடைத்தது. வீட்டிலிருந்து சுடச்சுடத் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தோம். வாசனைக்குக் கூட்டம் திரும்பிப் பார்த்தது. இவருடைய ரயில் மறுநாள் சாயங்காலம். புதுக்கோட்டையில் ஏறினால் தனுஷ்கோடி, அப்புறம் கப்பல். பெட்டி கட்டித் தயாராக இருந்தது.

நர்ஸம்மா எங்களுக்கு ஒத்தாசை செய்ய ஓடிவந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்ததால் வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி. எங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, "வாருங்கள், சுவையான ரொட்டி!" என்று கூப்பிட்டாள்.

வந்தார்கள். நன்றாகவே வந்தார்கள். பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வரிசையில் நின்றார்கள். முதலில் நின்றவள் பிள்ளையின் வாயைத் திறந்து, "நாக்க நீட்டுய்யா, நர்ஸம்மாவுக்குக் காட்டு" என்றாள். அடுத்தவர் ஒரு பெரியவர். "பேரனுக்கு ரெண்டு நாளா வயித்தால போகுது. இந்த ரொட்டியக் குடுக்கலாங்களா?" மூன்றாவது ஆள் மாத்திரை இலவசமா என்று கேட்டார். நர்ஸ் நிற்கிறாள், பக்கத்தில் ரொட்டி இருக்கிறது. எங்கள் ஜனங்களுக்கு வேறு என்ன தோன்றும்? ஆஸ்பத்திரி பொட்டலுக்கு வந்துவிட்டது என்றே நினைத்துவிட்டார்கள். பாவம், அவளும் பழக்க தோஷத்தில் ஒரு பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் சும்மா நின்றவர்களும் வந்து வரிசையில் சேர்ந்தார்கள். உடம்பு நன்றாக இருந்தவர்கள் ஒதுங்கி மிட்டாய்க் கடைக்குப் போனார்கள்.

ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. நான் இவரைப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு மரத்தில் சாய்ந்து நின்றார். கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. ஏற்கெனவே கப்பலில் ஏறி உட்கார்ந்துவிட்ட ஆளின் முகம் அது.

எனக்குக் கோபம் உச்சி மண்டைக்கு ஏறியது. அங்கே கிடந்த முக்காலியின்மேல் ஏறினேன். பொட்டலில் ஒரு பெண் முக்காலியில் ஏறிக் கத்துவது எங்கள் ஊரில் அதுவரை நடந்ததில்லை.

"காய்ச்சல்காரவுகளுக்குக் கெடையாது! கேட்டுக்குங்க! இருமல்காரவுகளுக்குக் கெடையாது, வயித்து வலிக்காரவுகளுக்குக் கெடையாது! ஒடம்புல தெம்பு உள்ளவுக மட்டும் இங்கிட்டு வாங்க! மத்தவுக அங்கிட்டுப் போங்க! சீக்காளிக்கு இந்த ரொட்டியத் தரமாட்டேன், கும்புட்டுக் கேட்டாலும் தரமாட்டேன்!"

வளையல்காரர்கூட வாயைப் பிளந்து பார்த்தார். சேசுவே, இதென்ன செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே முக்காலியிலிருந்து இறங்கினேன்.

ஒரு வண்டிக்காரர், கிடா மீசை, தோளில் துண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "எனக்கு என்ன கொறச்சலு? குடுங்க பாப்பம்" என்றார். மூலைத் துண்டாகப் பார்த்துக் கொடுத்தேன். கடித்தார். மொறுக்கென்ற சத்தம் எனக்குக் கேட்டது. மிளகாய் ஏறியதும் அவர் கண் சிவந்தது, நெற்றி வேர்த்தது, துண்டால் மூக்கைத் துடைத்தார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"அடி ஆத்தி!" என்றார். "இதச் சீக்காளி தின்னா அன்னைக்கே அடக்கந்தான். இன்னொண்ணு குடுங்க!"

அப்புறம் எங்களுக்குக் கை போதவில்லை. அவரவர் தன் உடம்பைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டே வாங்கினார்கள். "எனக்குத் தலைவலிகூட வந்ததில்ல தாயி" என்றார் ஒருவர். மூட்டை தூக்கும் கையை மடக்கிக் காட்டினார் இன்னொருவர். இருமிக்கொண்டே வரிசையில் நின்ற ஒரு கிழவி, என் பக்கம் வந்ததும் இருமலை விழுங்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்து நின்று, கண்ணில் தண்ணீர் வர ஒரு துண்டு வாங்கிப்போனாள். எதிர்வீட்டு அத்தாச்சி வந்து, "எனக்கு மேலுக்கு நல்லாத்தான் இருக்குத்தா" என்று கையை நீட்டினார். நர்ஸம்மா தொப்பியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, புடவைத் தலைப்பு மாதிரி என் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ரொட்டி எடுத்துக் கொடுத்தாள். இவர் வெட்டினார், வீட்டுக்கு ஓடினார், இன்னொரு தட்டோடு வந்தார், வெட்டினார். நடுநடுவே கத்தியை அப்படியே பிடித்துக்கொண்டு தின்கிறவர்களைப் பார்த்து நின்றார். "வெட்டுங்க, என்னத்தப் பாக்குறீக?" என்று அதற்கும் ஒரு சத்தம் போட்டேன். வெளிச்சம் மங்கி நாடகத்துக்குத் தப்பு மேளம் அடிக்கும் முன்பே தட்டு காலி.

மறுநாள் காலையில் நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு திருவிழாக் கூட்டத்தை நம்பி யாரும் வாழ்க்கையை மாற்றிக்கொள்வதில்லை என்று எனக்கும் தெரியும். திருவிழாவில் எதைப் போட்டாலும் விற்கும் என்று அவர் சொன்னால் நான் என்ன பதில் சொல்லுவேன்? கட்டுச்சோற்றுக்குப் புளி கரைத்தேன். அவர் கொல்லையில் அடுப்புச் சாம்பலை வாரிக்கொண்டிருந்தார். மாடு கத்தியது. கடைசியில் பொறுக்கமாட்டாமல் போய் நின்றேன்.

"போறதுன்னா சொல்லிட்டுப் போங்க. சோறு கட்டணும்ல."

அவர் நிமிரவில்லை. சாம்பலை ஒதுக்கிக்கொண்டே பேசினார்.

"அங்க ராத்திரி பூரா சுடுவோம். விடியக்காலம் வண்டி வந்து அள்ளிட்டுப் போயிரும். நாங்க படுத்துருவோம். இத்தன வருசமா ரொட்டி சுட்டேன் புள்ள, நான் சுட்டத ஒரு ஆளு தின்னு நான் பாத்ததில்ல. ருசியா இருக்கா, நல்லாருக்கா, ஒண்ணும் தெரியாது." சாம்பல் கூடையை நகர்த்தி வைத்தார். "நேத்துதான் பாத்தேன்."

நான் விளக்குமாற்றை எடுத்து, அவர் ஒதுக்கிய சாம்பலைக் கூட்டினேன்.

"எனக்குச் சோறு கட்டாத" என்றார். "எலை போட்டு வை. கையக் கழுவிட்டு வாரேன்."

அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறவர்களைப் பார்த்துக் கேலி பண்ணியிருக்கிறேன், அன்றைக்கு எனக்கு அடக்கத் தெரியவில்லை. உள்ளே போய் முகத்தைக் கழுவினேன், இலை போட்டேன். அவர் வந்து உட்கார்ந்தார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் முதல்தடவையாக, இவர் எப்போது போவார் என்ற நினைப்பே இல்லாமல் என் புருஷனுக்குச் சோறு போட்டேன்.